இரண்டு பக்கமும் நேரான விசிறி

கௌஸ் பாஷா அச்சடிக்காத பொய் ஓசூரில் இன்னும் பிறக்கவில்லை. 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடத்தில் வீட்டுமனை', 'மூலத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு', 'முப்பது நாளில் சரளமாக ஆங்கிலம்' எல்லாம் அவர் மெஷினில் பிறந்து வளர்ந்து, சுவர்களில் குடியேறியவைதான். அந்த மனைக்கு ஐந்து நிமிடத்தில் போகவேண்டுமானால் ஹெலிகாப்டர் வேண்டும். அதைப் பற்றிக் கேட்டால் கௌஸ் பாஷா கோபப்பட மாட்டார்.

"சமைக்கிறவன் வேற, பந்தி பரிமாறுறவன் வேற. வயித்த வலிச்சா பரிமாறுனவனையா உதைப்பீங்க?" என்பார்.

பரிமாறியவனையும் உதைப்பார்கள் என்பது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது.

அவர் அப்பா வேப்பனப்பள்ளியில் மாங்காய் வியாபாரி. மகன் பத்தாம் வகுப்பை மூன்று தடவை சுற்றிப் பார்த்தும் உள்ளே நுழைய வழி கிடைக்காததால், கிருஷ்ணகிரியில் ஒரு அச்சகத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே பையன் கல்யாணப் பத்திரிகையில் தேறினான். எல்லைப்புறத்துக் கல்யாணம் என்றால் சும்மாவா? பெண் மாலூர், மாப்பிள்ளை குப்பம், தாய்மாமன் ராயக்கோட்டை. ஒரே பத்திரிகையில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் வேண்டும். கௌஸ் பாஷா மூன்றையும் அடிப்பார், ஒன்றைத்தான் படிப்பார். ஒரு தடவை மாப்பிள்ளை பெயருக்கு நேராக மாமனார் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாமனார் மட்டும் கொஞ்ச நாள் குஷியாகத் திரிந்ததாகக் கேள்வி.

கம்பெனிகள் பெருகப் பெருக அவரும் ஓசூருக்கு வந்து, மாதா கோவில் மதிலை ஒட்டிய கடை வரிசையில் 'கௌஸ் பிரிண்டர்ஸ்' என்று போர்டு மாட்டினார். கடை கோவிலுக்குச் சொந்தம். வாடகைக்கு இருப்பவர் பாய். அதிகம் அடிப்பது மாரியம்மன் திருவிழா நோட்டீஸ். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்காரர் கொடுத்த வசவையும், மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர் கொடுத்த பதில் வசவையும் அடித்து, இரண்டு கட்டையும் ஒரே பெஞ்சில் அடுக்கி வைத்திருப்பார். வசவு நோட்டீஸில் மட்டும் அச்சகத்தின் பெயர் போட மறந்துவிடுவார். அது எப்படித்தான் மறக்குமோ.

இப்படிப் பூனை மாதிரி நடந்து பிழைத்த மனிதர், ஒரு விசிறியில் கால் வழுக்கி விழுந்தார்.

பெங்களூரில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் சுசித்ரா என்ற அம்மா அவரைத் தேடி வந்ததில் ஆரம்பித்தது அது. அங்கே ஆகும் செலவில் பாதிதான் ஓசூரில் ஆகும் என்பதால், அத்திப்பள்ளி டிராஃபிக்கையும் தாண்டி வந்திருந்தார். காலேஜில் ஒரு கண்காட்சி. அதற்குப் பழைய படங்களைப் பெரிதாக அடித்துக் கொடுக்க வேண்டும். படங்களைப் பார்த்ததும் கௌஸ் பாஷாவுக்குக் கண் விரிந்தது. கழுதைத் தலையோடு ஒரு பெரிய மனுஷன். நரி ஒன்று அங்கி போட்டுக்கொண்டு வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிறது. ஒரு பிசாசு, கொல்லன் பட்டறைத் துருத்தியை வைத்துச் சாமியார் காதில் ஊதுகிறது.

"இதெல்லாம் என்னாங்க மேடம்?"

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல அடிச்ச நோட்டீஸ், பாய். அங்க ராஜா, மக்கள் எல்லாம் ரோம்ல இருக்கிற போப்பாண்டவர விட்டுப் பிரிஞ்சு தனி சபை ஆகிட்டாங்க. அப்புறம் அவரைக் கிண்டல் பண்ணிப் படமும் பாட்டுமா அடிச்சு, சந்தையில கூவிக் கூவி வித்தாங்க. படிக்கத் தெரியாதவங்க படத்தைப் பாத்துச் சிரிப்பாங்க."

"அச்சடிச்சவன் பேரு போட்டிருப்பானா?"

"பல பேர் போட மாட்டாங்க. சில பேர் பொய்யா வேற ஊர் பேரைப் போடுவாங்க."

கௌஸ் பாஷா அந்தப் படங்களை மரியாதையோடு பார்த்தார். நானூறு வருஷத்துக்கு முந்தைய பங்காளி ஒருவனைக் கண்டுபிடித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "நம்ம ஆளு!" என்றார்.

சுசித்ரா ஒவ்வொரு படமாக விளக்கிக்கொண்டு வந்தார். கடைசிப் படத்துக்கு வருவதற்குள் சாயங்கால டிராஃபிக் நினைவு வந்து, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கடைசிப் படம், மூன்று அடுக்குக் கிரீடம் வைத்த போப்பாண்டவரின் முகம் மட்டும். வட்டமாக, லட்சணமாக இருந்தது.

கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் யுவஸ்ரீ கேட்டாள். "இதுல கிண்டலே இல்லியே, பாய்?"

"உனக்கு நோட்டீஸ் வேலை தெரியல பாப்பா. ஒருத்தன திட்டறதுக்கு முன்னாடி, யார திட்டறோம்னு காட்ட ஒரு நல்ல போட்டோ போடணும். நம்ம எலெக்சன் நோட்டீஸ்லயும் அப்பிடித்தான். இது அந்தப் போட்டோ."

முப்பது வருஷ அனுபவம் பேசியது. அனுபவம் பேசினால் யுவஸ்ரீ மாதிரிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மே மாதம் மாதா கோவில் திருவிழா. வருஷாவருஷம் திருவிழாப் பூசைக்குக் கௌஸ் பாஷா அட்டை விசிறி இலவசமாக அடித்துக் கொடுப்பார். வட்ட அட்டை, கீழே கட்டை விரல் நுழைக்க ஒரு ஓட்டை. முன்பக்கம் படம், பின்பக்கம் திருவிழா நிகழ்ச்சி, அதற்கடியில் கடை பெயர். கடைக்காரர் பக்தி அது. அந்த வருஷம் பக்தி கொஞ்சம் அதிகமாகவே தேவைப்பட்டது. திருவிழா முடிந்ததும் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை முடிவு செய்யவிருந்தது. பேரவைச் செயலாளர் சவரியப்பனுக்கு அந்தக் கடை மேல் ஒரு கண். அவர் மச்சானுக்கு அங்கே டீக்கடை வைக்கவேண்டும். சவரியப்பன் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எதையாவது ரிஜெக்ட் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கடை போனால் கௌஸ் பாஷா போக வேறு இடமில்லை. மெயின் ரோட்டு அட்வான்ஸ் கேட்டால் மெஷினையே விற்கவேண்டும்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பங்குத்தந்தை, எல்லோருக்கும் ஃபாதர், அந்த வருஷம் விசிறியில் போப்பாண்டவர் படம் போடச் சொன்னார். யுவஸ்ரீ கம்ப்யூட்டரில் தேடினாள். சுசித்ரா கொடுத்த அந்தக் கடைசிப் படம் வந்து நின்றது. கௌஸ் பாஷா பார்த்தார்.

"இதையே போடு. பழசா, கெத்தா இருக்குது. கிரீடத்துக்குத் தங்கக் கலரு குடு. ஃபாதர் அசந்துருவாரு."

விசிறி வெட்டுகிற வேலை உத்தனப்பள்ளி கரியப்பனுடையது. தக்காளித் தோட்டத்தில் இருந்தவர், இப்போது பஞ்சிங் மெஷினில் நிற்கிறார். வெட்டிய வட்டங்கள் கூடையில் கன்னாபின்னாவென்று விழும். ஒவ்வொன்றாக எடுத்து, முகம் நேராக இருக்கும்படி வைத்து, அடியில் ஓட்டை போடவேண்டும். அன்றைக்குக் கரியப்பன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வேலையை முடித்துவிட்டார். எதையுமே திருப்ப வேண்டியிருக்கவில்லை.

திருவிழாவன்று கோவில் முற்றத்தில் தகரப் பந்தல். மேலே சூரியன், கீழே ஜனம். கரண்டும் போய்விட்டது. தர்மபுரியிலிருந்து வந்த விருந்தினர் சாமியார் சாத்தானின் சோதனைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் நீண்டது, விசிறிகள் வேகமெடுத்தன. பீடத்தில் உட்கார்ந்திருந்த ஃபாதருக்கு முன்னால் கூட்டம் முழுக்கப் போப்பாண்டவர் அசைந்தார். ஃபாதருக்கு மனசு நிறைந்தது. பிறகு கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

வலதுபக்கம் போப்பாண்டவர். இடதுபக்கம் கொம்பும் கோரைப்பல்லும் வைத்த ஒரு பூதம். தூங்கும் குழந்தைக்கு விசிறிய ஒருத்தி கையைத் தொங்கவிட்டதும் அவள் போப்பாண்டவர் பூதமானார். பக்கத்தில் ஒருவர் தொங்கவிட்டிருந்த கையைத் தூக்கியதும் பூதம் ஆசீர்வதிக்கிற முகமானது.

விருந்தினர் சாமியார் எதையும் கவனிக்காமல் உச்சத்துக்குப் போனார். "சாத்தான் எங்கே இருக்கிறான்? எங்கோ தூரத்திலா? இல்லை! உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறான்!"

முன்வரிசையில் பூக்கார சாந்தம்மா. காலையில் மாரியம்மன் கோவில் வாசலிலும், சாயங்காலம் மாதா கோவில் வாசலிலும் பூ விற்பவள். திருவிழா என்றால் எந்தச் சாமி என்று பார்க்காமல் வந்து உட்காருவாள். கையைப் பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆமா சாமி! எங் கையில கீறான்!"

அதற்கப்புறம் அந்தப் பூசையில் பக்தி என்று ஒன்று இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் விசிறியைத் திருப்பித் திருப்பி, "போப்பு, பேயி! போப்பு, பேயி!" என்று கத்தின. பெரியவர்கள் அதட்டினார்கள். அதட்டிவிட்டு அவர்களும் திருப்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் பங்கு அலுவலகத்தில் விசாரணை. கௌஸ் பாஷா கரியப்பனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தனியாகப் போகப் பயம்.

"இது வேணும்னே பண்ணது, ஃபாதர்," என்றார் சவரியப்பன். "நம்ம கடையிலயே உக்காந்துகினு நம்ம பெரியவரயே பேயா அடிச்சிருக்காரு. கடைய காலி பண்ணச் சொல்லுங்க."

"சாமி, அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"தலைகீழா ஓட்ட போட்டிருக்கீங்களே, அதுகூடவா தெரியல?" ஃபாதர் கரியப்பனைப் பார்த்தார். "நீரு பாக்கலையா வே?"

கரியப்பன் தலையைச் சொறிந்தார். "பாத்தேன் சாமி. ரெண்டு டிசைன்னு நெனச்சுகினேன். ஒண்ணு சாந்தமான ஆளு, ஒண்ணு கோவமான ஆளு. எப்பிடி எடுத்தாலும் மூஞ்சி நேராத்தான் இருந்துச்சு. தலகீழா இருந்தாத்தான திருப்பறதுக்கு?"



கௌஸ் பாஷா சுசித்ராவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பி, அப்புறம் கஷ்டப்பட்டு அடங்கியது. "ஐயோ, அந்தப் படத்தோட விசேஷமே அதுதான் பாய். நேரா பாத்தா போப், தலைகீழாத் திருப்பினா பிசாசு. கழுத்துப் பட்டியோட மடிப்புத்தான் கொம்பு. கிரீடம் தாடையாயிடும். அன்னைக்குச் சொல்லாமப் போயிட்டேனே."

சவரியப்பன் மேசையைத் தட்டினார். "யாரும்மா இத வரஞ்சது? எந்த மதத்துக்காரன்?"

"கிறிஸ்டியன்தான் சார்."

"யாரு?"

"கிறிஸ்டியன். ஞாயித்துக்கிழமை தவறாம கோவிலுக்குப் போறவங்க."

ஃபாதர் ஜன்னல் வழியாக ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே இன்னொரு சபையின் பெரிய போர்டு. "அந்தப் பாஸ்டருக்கு மட்டும் இந்த விசிறி போயிருக்கக்கூடாது கர்த்தாவே," என்று முணுமுணுத்தார்.

"சாமி, அவரு ரெண்டு வாங்கிகினு போனாருங்க," என்றார் கரியப்பன்.

கடைசியில் தீர்ப்பு இப்படி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேரவை கூடுவதற்குள் கௌஸ் பாஷா எல்லா விசிறியையும் திரும்ப வாங்கிக் கோவிலில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் கடை. இல்லாவிட்டால் சவரியப்பன் மச்சானுக்கு டீக்கடை.

வீட்டில் முனவர் பேகம் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கணவர் அச்சடித்த எதிலும் தப்புக் கண்டுபிடிக்கக் கூடியவள். ஆனால் எல்லாம் ஊருக்குள் போனபிறகுதான் கண்டுபிடிப்பாள்.

"சும்மா கேட்டா யாருங்க குடுப்பாங்க? புதுசா பூ படம் போட்டு விசிறி அடிச்சு, பழசக் குடுங்க, புதுசு தரேன்னு சொல்லுங்க. பிளாஸ்டிக் சாமான் விக்கிறவன் அப்பிடித்தான பொழைக்கிறான்."

நல்ல யோசனைதான். மல்லிகைப்பூ போட்ட விசிறிகளை மூட்டையாகக் கட்டி, மொபெட்டில் வைத்துக்கொண்டு கௌஸ் பாஷா கிளம்பினார். ஜனங்கள் புது விசிறியைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பழசைக் கேட்டதும் அது எங்கேயோ தொலைந்துபோயிருந்தது.

தொலைந்தவை எல்லாம் வாசல் நிலைக்கு மேலே தொங்கின. கொம்பு மேலே, கிரீடம் கீழே.

சாந்தம்மாவின் பூவண்டியிலும் ஒன்று இருந்தது. பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

"இன்னா பாய், இதப் போயிக் கேக்கற? கடையில திருஷ்டி பொம்ம வாங்குனா எவ்ளோ சொல்றான் தெரியுமா? இது மாட்டுன நாள்லருந்து மல்லி ஒண்ணுகூட வாடல."

"அது எங்க கோவில்... அது ஃபாதரோட பெரிய சாமியாரு படம்மா."

"தெரியுமே. உள்ள எங்க வூட்ல சாமி படத்தாண்ட ஒண்ணு வெச்சிருக்கேன், அவரு நேரா. வண்டில இவுரு. ஒரே ஆளு ரெண்டு வேல பாக்கறாரு. உனக்கு இன்னா நோவுது?"

பாகலூர் ரோட்டில் புது லேஅவுட்டுகளில் இன்னும் மோசம். அங்கே எழும்பும் ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் பூசணிக்காய், பூத முகம், பழைய செருப்பு என்று திருஷ்டிக்கு ஏதாவது தொங்கும். இப்போது எல்லாம் இறங்கி, கௌஸ் பிரிண்டர்ஸ் ஏறியிருந்தது. இங்கிலாந்தில் எவனோ வயிற்றெரிச்சலில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த முகம், ஓசூரில் கண்ணேறு கழித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் கடை பெயரும் போன் நம்பரும் இருந்ததால் இரண்டு மேஸ்திரிகள் ஆர்டர் வேறு கொடுத்தார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கௌஸ் பாஷா நம்பரை எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை. மூட்டையில் பழைய விசிறி ஒரு கைப்பிடிதான் சேர்ந்திருந்தது. அதுவும் கிழிந்தவை. லேஅவுட்டின் கடைசியில் சாரம் கட்டிய ஒரு மாடி வீடு. உச்சியில் கம்பியில் விசிறி. கோலார் பக்கத்து மேஸ்திரி ஒருவர் சாரத்திலிருந்து கையை ஆட்டினார்.

"பேடா பாய், பேடா! அதத் தொட்டா ஓனரம்மா பையுத்தாரே!"

வேண்டாம், தொட்டால் திட்டு விழும் என்று கன்னடத்தில் எச்சரிக்கை வந்தபோதே ஓனரம்மாவும் வந்துவிட்டாள். அது அனிதா. சவரியப்பனின் மனைவி.

"குடுக்க மாட்டேன் பாய். சொல்லிட்டேன். ஜன்னல் கண்ணாடி ரெண்டு தடவ ஒடஞ்சுது. சென்ட்ரிங் சாஞ்சு ஒரு ஆளுக்குக் காலு போச்சு. இது மாட்டுனப்பறம் ஒரு ஆணி கூடக் கோணல."

"அக்கா, இத வாங்கியாரச் சொன்னதே உங்க வூட்டுக்காரருதான்."

"மாட்டுனதே அவருதான்!"

"எப்போ?"

"அன்னிக்கி உங்கள விசாரிச்சாங்கள்ல, அந்த மீட்டிங் முடிஞ்சு நேரா இங்கதான் வந்தாரு. அவரே ஏணி போட்டு ஏறுனாரு. 'இத்தன பேரு மெரண்டாங்கன்னா இதுல ஐட்டம் இருக்குது அனிதா. குவாலிட்டி டெஸ்டே ஆயிடுச்சு'ன்னாரு."

கௌஸ் பாஷா ஒரு மல்லிகைப்பூ விசிறியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு மொபெட்டை உதைத்தார். திருவிழாவுக்குப் பிறகு முதல்தடவையாக அவர் விசிலடித்துக்கொண்டு போனதைப் பார்த்ததாக மேஸ்திரி சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பேரவை கூடியது. கௌஸ் பாஷா மூட்டையை மேசைமேல் வைத்தார். மூட்டை சப்பென்று படுத்துக்கொண்டது.

"இவ்வளவுதானா?" என்றார் ஃபாதர்.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்று சவரியப்பன் ஆரம்பித்தார். "மச்சான்கிட்ட அட்வான்ஸ் ரெடியா..."

"சாமி, ஒரு வார்த்த," என்றார் கௌஸ் பாஷா. குரல் மிகவும் பணிவாக இருந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பணிவைக் கண்டால் பயம் வரும். "ஊரு பூரா குடுத்துருவாங்க. ஒரே ஒரு வூட்ல மட்டும் எறக்கிட்டா, பாத்துட்டு எல்லாரும் எறக்குவாங்க. பெரிய வூடு, மாடி வூடு. நான் கேட்டா குடுக்க மாட்டேங்கறாங்க. சவரியப்பண்ணன் கேட்டா குடுப்பாங்க. அவரு மட்டும் அத வாங்கிக் குடுத்துட்டாருன்னா, நாளைக்கே நான் கடைய காலி பண்ணிக்கறேன். மனசாரப் பண்ணிக்கறேன்."

ஃபாதர் திரும்பினார். "எந்த வீடு, சவரியப்பன்?"

சவரியப்பன் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார். அதில் எதையாவது ரிஜெக்ட் செய்ய முடியுமா என்று தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"அது வந்துங்க ஃபாதர்... பாகலூர் ரோட்ல..."

"உம்ம புது வீடா வே?"

"வேல முடியற வரைக்கும்தான், ஃபாதர். பூச்சு வேல இன்னும் இருக்குது. கூலியாளுங்க கண்ணு ஒரு மாதிரி..."

பேரவையில் யாரோ கனைத்தார்கள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இன்னும் இரண்டு பேர் சவரியப்பனைப் பார்க்காமல் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலையும் கௌஸ் பாஷா பார்த்திருக்கிறார்.

ஃபாதர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு இருமினார். இருமல் வெகுநேரம் நிற்கவில்லை. "வீடு முடிஞ்சா ஜெபம் பண்ணி மந்திரிக்க நான்தானே வரணும்? வாசல்ல நான் எந்த முகத்தப் பாத்துட்டு உள்ள நுழைய?"

"நீங்க வர்ற அன்னிக்கி திருப்பி மாட்டிடறேன், ஃபாதர்," என்றார் சவரியப்பன்.

ஒப்பந்தம் அன்றைக்கே மூன்று வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. யாரும் கையைத் தூக்கி ஓட்டுப் போடவில்லை. தூக்கினால் எந்த முகம் தெரியுமோ என்ற பயம்போல.

இந்த வருஷத் திருவிழா விசிறியில் ஒரே ஒரு ரோஜாப்பூ. கௌஸ் பாஷா அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சுவரில் ஒட்டிப் பார்த்தார். குனிந்து காலிடுக்கு வழியாகவும் பார்த்தார். பூ பூவாகவே இருந்தது. திருப்தியோடு கரியப்பனிடம் கொடுத்தார்.

கரியப்பன் மாதிரி அட்டையை நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா பாய், தலகீழா புடிச்சா தலகீழாத்தான தெரியுது? போன வருசம் மாதிரி வேல சுத்தமில்ல."